பாக்காத ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க தம்பி

தம்பி, வெளிநாட்டுக்குப் புதுசா வந்திருக்கேன், பேங்க் அக்கவுண்ட் எப்படித் தொறக்குறது, நெட்ல பாத்த ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பலாமான்னு கேட்டிருக்கீங்க. அக்கவுண்ட் பத்தி பேங்க்லயே சொல்லுவாங்க, விடுங்க. அட்வான்ஸ்னு படிச்சதும் எனக்கு 2020 ஞாபகம் வந்துடுச்சு.

நான் வந்து எறங்கி ரெண்டு வாரம்கூட ஆகல, மார்ச் 11 அன்னைக்கு கொரோனா உலகப் பெருந்தொற்றுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு, அப்புறம் ஊரடங்கு. ஒரு ரூம் விளம்பரம் பாத்து நேர்ல வரட்டுமான்னு கேட்டேன். "தொற்று நேரம், யாரையும் உள்ள விடுறதில்ல, அட்வான்ஸ் போடுங்க, சாவிய கூரியர்ல அனுப்புறேன்"னான். வேற நேரமா இருந்தா அந்தப் பதிலுக்கே சந்தேகப்பட்டிருப்பேன், அன்னைக்கு பொறுப்பான மனுஷன்னு தோணுச்சு, காசை அனுப்பிட்டேன். நெருக்கடி வந்தா திருடனோட பழைய பொய்க்கே நல்ல காரணம் கெடச்சிடுது, நேர்ல போய் விசாரிக்கிற வழி நமக்கு அடைஞ்சிடுது.

அந்த ஏப்ரல்ல கூகுள் சொன்னாங்க, கொரோனா பேரை வச்சு வர்ற ஃபிஷிங் (வேற யாரோ மாதிரி நடிச்சு விவரத்தைக் கறக்குறது), மால்வேர் (கெடுதல் பண்ற சாஃப்ட்வேர்) மெயில் மட்டும் ஜிமெயில்ல தினமும் 1 கோடியே 80 லட்சம் தடுக்குறோம்னு. உலக சுகாதார நிறுவனம் பேர்லயே போலி மெயில் வந்துச்சு, தொற்று பரவுற மேப்புன்னு சொல்லி பாஸ்வேர்ட் திருடுற சாஃப்ட்வேர் வந்துச்சு. 2022ல உக்ரைன் போர் தொடங்கினதும் போலி நன்கொடை லிங்க்.

முன்னெல்லாம் எழுத்துப்பிழை இருந்தா போலின்னு கண்டுபிடிப்போம், இப்ப ஏஐ வச்சு சுத்தமா எழுதுறான், பிழை இல்லங்கிறதுக்காக நம்பிடாதீங்க. பேங்க்ல இருந்து, விசா ஆபீஸ்ல இருந்துன்னு போன் வந்தா கட் பண்ணிட்டு கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கோ அரசு வெப்சைட்ல இருக்குற நம்பருக்கோ நீங்களே கூப்பிடுங்க. ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க. பணம் போயிடுச்சுன்னா அந்த நிமிஷமே பேங்க்குக்கு சொல்லணும், நான் வெக்கப்பட்டுட்டு மூணு நாள் சும்மா இருந்தேன், அதுக்குள்ள காசு கைமாறிப் போச்சு.

நம்மாளுங்க மேல எனக்கு இன்னும் கோவம் உண்டு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல பத்து வருஷமா இங்க இருக்குற ஒருத்தர் அதே விளம்பரத்துல எனக்கு முன்னாடியே ஏமாந்திருக்காரு, கௌரவம் போயிடும்னு வாயே தொறக்கல. தெனம் கஷாயம் ஃபார்வர்ட் பண்ணாரு, இதை ஒரு வரி சொல்லியிருந்தா என் காசு தப்பிச்சிருக்கும். அன்னைலருந்து நான் எதையும் மறைக்கிறதில்ல, புதுசா வர்றவங்க இப்ப என்கிட்ட ஸ்கிரீன்ஷாட் காட்டாம காசு கட்டுறதில்ல.

சாவி வரும்னு அஞ்சு நாள் ஜன்னல் பக்கமே உக்காந்திருந்தேன், தெருவுல வண்டி சத்தம் கேட்டா எழுந்திருப்பேன். கடைசில கூட வேலை பாத்த ஒரு அக்கா வீட்டு சோஃபாலதான் நாலு மாசம். நீங்க எந்த ஏரியான்னு சொல்லுங்க, பக்கத்துலன்னா சனிக்கிழமை நானே போய் அந்த ரூமைப் பாத்துட்டு வர்றேன்.