கோட்பாட்டு ஆய்வுக்குச் ‘சமூகப் பயன்’ என்ன எழுதுவது?

ஆய்வு விண்ணப்பம் ‘தெளிவில்லை’ என்று திரும்பி வந்ததாகச் சொல்லி, அதன் ‘சமூகப் பயன்’ பத்தியை ஒட்டிக் கேட்டிருக்கிறீர்கள். எதிர்காலத்தைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் துறை ஏற்கெனவே வந்த வழியைக் காட்டுங்கள். பிழைதிருத்தக் குறிமுறைதானே, அதாவது தகவலில் ஒரு பகுதி கெட்டாலும் மீட்டெடுக்கும் கணிதம்தானே, உங்கள் தலைப்பு? கணிதவியலாளர்கள் ரீடும் சாலமனும் 1960இல் வெளியிட்டது ஐந்தே பக்கக் கணிதக் கட்டுரை. அது 1982இல் சிடிக்குள் போனது, 1994இல் கியூஆர் குறியீட்டுக்குள். பெட்டிக்கடை கியூஆர் அட்டையின் நடுவில் எண்ணெய்க் கறை இருந்தும் பணம் போய்ச் சேருகிறதே, அந்தக் கணக்குதான்.

‘தெளிவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பியதற்கு, நீங்கள் ஒட்டியிருக்கும் பத்தியில் உள்ள “மனிதகுலத்துக்கு உதவும்” என்ற வரிதான் காரணமாக இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி அது.

திருத்தியதும், துறை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று, எல்லா ஆய்வும் இப்படிக் கனியாது. உங்கள் முடிவும் கடைக்கு வரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விண்ணப்பத்தை மதிப்பிடும் நடுவர் அங்கேதான் பிடிப்பார்.