சம்பந்தி வீடும் மலையும் மூன்றே நாளில்: மே மாதப் பயணத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். நான், கணவர், மாமியார், பிள்ளைகள் இருவர். மாமியாருக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 6. மே மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தால் மூன்று நாள் கிடைக்கும். என் பெற்றோர் சேலம் மாவட்டம் ஆத்தூரில் இருக்கிறார்கள். போய் ஒரு வருடம் ஆகிறது. பிள்ளைகளோ ஊட்டி, ஊட்டி என்கிறார்கள். காரில் ஊட்டி போய்விட்டு, திரும்பும் வழியில் அம்மா வீட்டிலும் தங்கிவர முடியுமா? சின்னவனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும்.

பதில்: முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். தாம்பரத்திலிருந்து ஊட்டிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளி விடியற்காலையில் கிளம்பினாலும் மேலே போய்ச் சேர மாலையாகிவிடும். சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில் நிற்கும். அதிலும் பாதி நேரம் நெரிசலில் கழியும். ஞாயிறு காலையில் இறங்கினால் ஆத்தூர் வர பிற்பகல் மூன்று மணி. உங்கள் அம்மா ஒரு வருடமாகக் காத்திருந்தது ஒரு காபிக்கும் அரை மணி நேரப் பேச்சுக்குமா? அதன் பிறகு இரவோடு இரவாகச் சென்னைக்கு வண்டி ஓட்டப்போவது, மூன்று நாளும் ஓட்டிக் களைத்த உங்கள் கணவர்.

இ-பாஸ் வேறு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மே மாதச் சனிக்கிழமைக்குக் கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்கும் என்று நம்பி அறை முன்பதிவு செய்வது சரியல்ல. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை என்றாலும், முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரை வைத்துக்கொண்டு அது உங்களுக்கு ஒத்துவராது. ஊட்டியை அடுத்த வருடம் நான்கைந்து நாள் விடுமுறைக்கு ஒதுக்குங்கள்.

இந்த முறை ஆத்தூரையே தங்குமிடமாக வையுங்கள். அங்கிருந்து ஒரே ஒரு நாள் ஏற்காடு போய்த் திரும்புங்கள். காரைத் தாம்பரத்திலேயே விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

சேலம் செல்லும் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் போகிறவை. அவை ஆத்தூர்ப் பக்கமே வராது. உங்களுக்கு ஏற்றது எழும்பூர் - சேலம் இரவு ரயில். தாம்பரத்திலேயே ஏறலாம், விழுப்புரம், விருத்தாசலம், சின்னசேலம் வழியாகப் போய் ஆத்தூரில் நிற்கும். வியாழன் இரவு ஏறினால் வெள்ளி விடியும் முன் அம்மா வீட்டு வாசலில் இருப்பீர்கள். ஞாயிறு இரவு அதே ரயிலில் திரும்பினால் திங்கள் காலையில் தாம்பரம். ஞாயிறு மாலையில் காரில் திரும்பி விக்கிரவாண்டியிலும் பரனூரிலும் சுங்கச்சாவடி வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களை ஒட்டிய வார இறுதி என்றால், திறந்த அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். தேதி முடிவு செய்யும் முன் நாள்காட்டியில் முகூர்த்தத்தையும் சித்திரா பௌர்ணமியையும் பார்த்துக்கொள்வது நல்லது. பௌர்ணமி அன்று மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார், திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். தென்மாவட்ட ரயில், பஸ் எல்லாமே நிரம்பி வழியும்.

மாமியாருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமானால் அவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ்ப்படுக்கை தருவது, தகுதியுள்ளவர் தனியாகவோ அப்படிப்பட்ட இருவர் மட்டுமாகவோ பதிவு செய்யும் டிக்கெட்டுக்குத்தான். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். அதே பெட்டியில் உங்கள் டிக்கெட்டும் இருந்தால் போதும், படுக்கை பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சின்னவனுக்குப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம். ஆனால் ஆறு வயதுப் பையனோடு ஒரே படுக்கையில் இரவைக் கழிக்கப்போவது நீங்கள்தான். முழுக் கட்டணம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். குடும்பப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலையில், வழித்தடத்தைவிட அதிகமாகப் பிரச்சினை வருவது இங்கேதான். உங்களுக்கு அது பிறந்த வீடு. உங்கள் மாமியாருக்கு அது சம்பந்தி வீடு. தண்ணீர் வேண்டும் என்றாலும் கேட்கத் தயங்குவார். பத்து மணி ஆனாலும் "எல்லாரும் சாப்பிடட்டும்" என்று பசியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு இது ஆபத்து. ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். எனவே அவர் சாப்பிடும் நேரத்தை உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். பந்திக்குக் காத்திருக்காமல் முதலில் அவருக்கு இலை போடட்டும். ஊர் மரியாதைக்கு அது குறைவல்ல, கூடுதல்.

அடுத்தது கழிவறை. ஆத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் குந்தி உட்காரும் கழிவறைதான் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், இந்த வெயிலில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. மருந்துப் பொருள் கடைகளில் நடுவில் துளையுள்ள மடக்கு நாற்காலி கிடைக்கிறது. ஒன்று வாங்கி, உங்கள் அப்பாவுக்கும் பின்னால் பயன்படும் என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றியும் யோசியுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். அந்த வெயிலில் மகள், மருமகன், சம்பந்தி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று நாளும் மூன்று வேளையும் அவர் அடுப்படியில் நிற்பார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். வெள்ளி மதியம் ஒரு விருந்து, அவர் மனம் குளிரச் சமைக்கட்டும். மற்ற நாட்களில் இரவுக்கு இட்லி, தோசை கடையிலிருந்து வரட்டும். வாங்கிவரும் பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். மாமியார் வீட்டில் மருமகன்களுக்கும் ஏதாவது வேலை இருந்தால்தான் பொழுது போகும்.

வெள்ளி முழுவதும் வீட்டில்தான். ரயிலில் அரைத்தூக்கம் தூங்கி வந்த உடம்போடு மலை ஏறக் கூடாது. வார நாளில் ஏற்காட்டில் கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் வந்த அன்றே பையை வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினால் அம்மா வீட்டைச் சத்திரமாக்கியது போல் ஆகிவிடும். மாலை ஐந்தரைக்கு மேல் வேண்டுமானால் புத்திரகவுண்டம்பாளையம் முத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள். ஆத்தூரிலிருந்து சேலம் செல்லும் சாலையை ஒட்டியே இருக்கிறது. 146 அடி முருகன். மலேசியாவின் பத்துமலை முருகன் சிலையைவிட ஆறு அடி உயரம். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேரப் பிடிக்கும் இடம் இதுபோல் எளிதில் அமையாது. பகலில் மட்டும் போகாதீர்கள். திறந்தவெளித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடும்.

சனிக்கிழமை ஏற்காடு. ஆத்தூரிலேயே வாடகை கார் பேசுங்கள், மலை ஓட்டிப் பழகிய ஓட்டுநராகக் கேளுங்கள். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது எல்லோரும் போகும் பாதை. ஆத்தூரிலிருந்து வருகிறவர்கள் சேலம் நகருக்குள் நுழையாமல் அயோத்தியாப்பட்டணத்தில் பிரிந்து குப்பனூர் வழியாகவும் ஏறலாம். இப்படிப் போனால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கோடை விழா நாட்களில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று மாற்றிவிடுவது வழக்கம்; எந்தப் பக்கம் கை காட்டுகிறார்களோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். அதிகாலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். மே மாதத்தில் மலையில் பிற்பகலுக்கு மேல் இடி மின்னலோடு கோடை மழை பிடிப்பதுண்டு; ஈரமான வளைவுகளில் எதிரே வண்டி வரிசையாக ஏறிவரும்போது இறங்குவது நல்ல அனுபவம் அல்ல. இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் இறக்குகிறாரா என்று கவனியுங்கள். ரப்பர் தீய்ந்த வாசனை வந்தால் ஓரம் கட்டச் சொல்லிப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

குளிர் எவ்வளவு இருக்கும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, அவ்வளவுதான். ஊட்டி 2,240 மீட்டர், அந்தக் குளிர் இங்கே வராது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏற்காட்டிலும் வெயில் சுடும். காலை ஏழிலிருந்து பத்து வரையிலான மூன்று மணி நேரத்துக்காகத்தான் இருட்டோடு கிளம்பச் சொல்கிறேன்.

ஏரி சாலையோரத்திலேயே இருப்பதால் மாமியார் நடக்க வேண்டியதில்லை. படகுத்துறை திறந்ததும் ஏறிவிட்டால் வரிசை இருக்காது. சேர்வராயன் கோயில் அருகே வரை வண்டி போகும். சன்னதி குகைக்குள் இருக்கிறது, குனிந்து போக வேண்டும், அவர் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து சேலம் முழுவதும் தெரியும். கிளியூர் அருவி மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில்தான் அதற்கு உயிர், மே மாதத்தில் பாறையைத்தான் பார்க்கலாம். அதற்காகச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். அருவியில்தான் குளிப்போம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், ஆத்தூருக்கு அருகிலேயே முட்டலில் ஆணைவாரி அருவி இருக்கிறது. தண்ணீர் விழுகிறதா, வனத்துறை அனுமதிக்கிறதா என்று அப்பாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். மலைமேல் மேகம் கறுத்திருந்தால் இறங்காதீர்கள். 2021 அக்டோபரில் அங்கே நொடியில் வெள்ளம் வந்து, கைக்குழந்தையோடு சிக்கிய தாயை இளைஞர்கள் மீட்டதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள்.

சின்னவனின் வாந்திக்கு வருகிறேன். வெறும் வயிறும் கூடாது, வயிறு நிறையவும் கூடாது. கிளம்பும்போது ஒரு இட்லி அல்லது இரண்டு பிஸ்கட் போதும், பால் வேண்டாம். பின் இருக்கையின் நடுவில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவுக்கு எண் போட்ட பலகை ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்கச் சொன்னால் கண் தானாக வெளியே போகும். கையில் செல்போன் கொடுத்தால் மூன்றாவது வளைவிலேயே தொடங்கிவிடுவான். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் எவ்வளவு என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். முன் இருக்கை மாமியாருக்கு. காலை நீட்டிக்கொள்ள அங்குதான் இடம்.

இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் பூட்டிய கார் அடுப்பாகிவிடும், மருந்து வீணாகும். ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்தாலும் உறைந்து கெடும். துணியில் சுற்றிக் குளிர்காப்புப் பையில் போட்டு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று. மலைக்கு ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், மதியத்துக்கு வீட்டுப் புளியோதரை. சீசன் நாளில் அங்கே ஓட்டலில் இடம் பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எதுவும் திட்டமிட வேண்டாம். சித்தி, பெரியப்பா வீடுகள் இருந்தால் வெயில் ஏறும் முன் தலைகாட்டிவிட்டு வந்துவிடுங்கள். மதியம் நுங்கு, தூக்கம். மாம்பழம் கட்டிக்கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொன்னாலும் நடக்காது. மல்கோவாவோ குண்டோ, பழுத்ததை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, செங்காயாகப் பார்த்து வைக்கோல் இட்டு அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி கீழ்ப்படுக்கைக்கு அடியில் போகும் உயரமாக இருக்கட்டும். தாம்பரம் வரும்போது விடிந்திருக்காது, ரயில் அங்கே அதிக நேரம் நிற்கவும் நிற்காது. செங்கல்பட்டு தாண்டியதும் எல்லோரையும் எழுப்பி, மாமியாரை முதலில் கதவருகே கொண்டுவந்துவிடுங்கள்.