சுதந்திரமும் வரம்புள்ள அரசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பழமைவாதிகள் சுதந்திரம், வரம்புள்ள அரசு என்று ஓயாமல் பேசுகிறார்கள். பணக்காரர்களின் வரியைக் குறைக்கத்தான் இத்தனை பேச்சும் என்று தோன்றுகிறது. இதில் சிந்தனை என்று ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு. அதிகாரம் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பதுதான் அடிப்படை. மத்திய அரசுக்கு என்று தரப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் வந்த பத்தாவது சட்டத்திருத்தம் சொல்கிறது. இன்று நல்லவர் கையில் இருக்கும் அதிகாரம் நாளை யார் கைக்குப் போகுமோ என்ற பயம் நியாயமானது. வரி அப்புறம்தான்.

என் மனக்குறை வேறு. பழமைவாதிகளின் தலைவராக விளங்கிய அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் 1957ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை ஆதரித்தவர். ஆனால் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். தனியார் விடுதிகளிலும் உணவகங்களிலும், வேலைக்கு ஆள் எடுப்பதிலும் தலையிட மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். சரி, ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்தது வெறும் வழக்கமா? சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். பேருந்தில் எங்கே உட்காருவது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரைக் கல்யாணம் செய்வது என்பது வரை மாநில அரசு நுழைந்திருந்தது. இதைவிட வரம்பு மீறிய அரசு உண்டா? சுதந்திரத்தை நம்புகிறவர் முதலில் எதிர்க்க வேண்டியது இதைத்தானே! 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்ற கோல்ட்வாட்டர், சொந்த மாநிலம் போக, வென்றது தெற்கில் ஐந்து மாநிலங்களை மட்டும்தான்.

பழமைவாதிகள் கொண்டாடும் ரொனால்ட் ரீகன் 1981இல் அதிபராகப் பதவியேற்றபோது, அன்றைய நெருக்கடிக்கு அரசு தீர்வல்ல, அரசுதான் பிரச்சினை என்றார். அவரே 1984இல், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சாலை விபத்தில் இளைஞர்கள் சாவதைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் பணத்தைக் காட்டி மாநிலத்தைப் பணிய வைப்பதைத்தானே அவர்கள் இத்தனை காலம் கண்டித்தார்கள்? 19 வயதில் லேசான பீர் வாங்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு, 1987இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ரீகன் நியமித்த நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அந்தத் தீர்ப்பில் மாறுபட்டார். சாலைப் பணத்தை வைத்து மது விற்பனையை மத்திய அரசு ஆளப் பார்க்கிறது, இதை விட்டால் அதன் அதிகாரத்துக்கு எல்லையே இராது என்று எழுதினார். தன்னை நியமித்தவர் கையெழுத்திட்ட சட்டம் என்று அவர் தயங்கவில்லை. அந்த மாறுபட்ட தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட சிந்தனை அதில் இருக்கிறது.