என் மகனைவிட நீட்டில் குறைவாக எடுத்தவர்களுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைக்கிறது. இது நியாயமா?

நியாயம்தான். அந்த ஒதுக்கீட்டின் வாசல் வரை போய்த் திரும்பி வந்த பெண்ணுக்கு அப்பனாக இதைச் சொல்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2014-ல் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று இருந்தது. தமிழ் வழி. அரசுப் பள்ளிக்கு என்றால் பஸ் ஏற வேண்டும். சின்னப் பெண்ணாயிற்றே என்று பக்கத்திலேயே சேர்த்தோம், வேறு கணக்கு எதுவும் இல்லை. பத்தாவது வரை அங்கே. பதினொன்று, பன்னிரண்டு அரசுப் பள்ளியில்.

அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது, 2020 அக்டோபர் கடைசியில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கடைக்கு வந்த பேப்பரில் அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் அம்மா பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து வகுப்பு டீச்சர் மகளைக் கூப்பிட்டு, "ஆறாவதுல இருந்தே அரசுப் பள்ளியில படிச்சிருக்கணுமாம்மா" என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான், "2014-லயே இது தெரியுமாப்பா உங்களுக்கு?" என்று கேட்டாள். யாருக்குத் தெரியும்?

கொரோனா நேரம். கோச்சிங் சேர்க்கக் கையில் காசு இல்லை. யாரோ பைண்டிங் செய்யக் கொடுத்த என்சிஇஆர்டி உயிரியல் புத்தகங்களை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, என் மெஷினிலேயே ஒரு பிரதி எடுத்தேன். டிரம் பழசு. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாக ஒரு கறுப்புக் கோடு விழும். தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைப்பாள். 'ஸ்டொமேட்டா'வுக்கு மேலே 'இலைத்துளை' என்று பொடி எழுத்தில். கோடு விழுந்த இடத்தில் மறைந்துபோன எழுத்தையும் அவளே யூகித்து நிரப்பியிருப்பாள். அந்தப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

2021 செப்டம்பரில் எழுதினாள். 720-க்கு 318. பொதுப் போட்டியில் அது எதற்கும் ஆகாது. உள் ஒதுக்கீட்டில் அந்த வருஷம் அதைவிடக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கே எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது. அவள் இப்போது நர்சிங் முடித்துவிட்டாள்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சத்தியமாக. ஒதுக்கீடு வருவதற்கு முன்னால் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்த முதல் வருஷமே 300-க்கு மேல். உங்கள் மகனின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள், எத்தனையாவது முறை எழுதினான் என்று சொல்லவில்லை. ரிப்பீட்டராகத்தான் இருப்பான் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதியவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். பன்னிரண்டு முடித்த பிள்ளையை இன்னும் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டு, கோச்சிங்குக்கும் கட்ட எத்தனை வீட்டால் முடியும்? என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்தது. அந்த ஒரு வருஷமும் உங்கள் மகனின் மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது.

ஒதுக்கீட்டுக்கு எதிரி என்று யாரும் என்னைச் சொல்லிவிட வேண்டாம். எந்தக் கட்சிக்காரனும் இல்லை. கோடு கிழித்த இடம்தான் சரியில்லை என்கிறேன். ஆர்டிஇ-யில், அதாவது கட்டாயக் கல்விச் சட்டத்தின் இலவச இடத்தில், எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. வாத்தியாருக்கு அரசே சம்பளம் கொடுக்கும் உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இல்லை. அதே இலவசப் புத்தகம், அதே சைக்கிள். கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள், சேர்க்கவில்லை. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் 2024-ல் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழிப் பிள்ளைகளைச் சேர்த்தார்களே, இதில் மட்டும் ஏன் முடியாது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புது மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பக்கத்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்தது, அரியலூருக்கு வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு ஏற்கெனவே சிதம்பரத்தில் இருந்ததை அரசு எடுத்துக்கொண்டதோடு சரி. மாவட்டத் தலைநகரில் இல்லை. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றி, முள்ளோடை தாண்டி, புதுச்சேரி நெரிசலுக்குள் புகுந்து கோரிமேடு ஜிப்மருக்குத்தான் ஓடினோம். இந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் டாக்டராகி இங்கேயே உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

போன ஜூனில் ஒரு அம்மா டிசியை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பையன் ஆறாவதுக்குப் போகிறான். "அண்ணே, பக்கத்துலயே எய்டட் ஸ்கூல் இருக்கு, அதுல போட்டுடவா?" என்று கேட்டார். நல்ல பள்ளிக்கூடம்தான், என் மகளும் அங்கேதான் படித்தாள் என்றேன். அப்புறம் மனசு கேட்காமல் 7.5 விஷயத்தையும் சொன்னேன். எடுத்த இரண்டு பிரதியையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பையன் ஸ்டேப்ளரை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.