கொக்கு வெள்ளைத் திட்டாக விழுகிறது: லென்ஸை மாற்றலாமா?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவும் 70-300 லென்ஸும் இருக்கின்றன. கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் கொக்கு, நாரை எடுக்கப் போகிறேன். வெள்ளைக் கொக்கெல்லாம் இறகே தெரியாமல் வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது. கிட்டே போனால் பறந்துவிடுகிறது. 600 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் முதல் குறைக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவதற்கு ஓரளவு உண்டு. ஆனால் அதைப் பைசா செலவில்லாமல் தீர்க்கலாம்.

முதலில் வெள்ளைத் திட்டு. எதிரே நிற்பது வெள்ளைப் பறவை என்று கேமராவுக்குத் தெரியாது. ஃபிரேம் முழுவதையும் சராசரியாக நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அலையாத்திக் காட்டின் கரும்பச்சை நிழலுக்கு முன்னால் ஒரு சின்னக் கொக்கு நின்றால் ஃபிரேமில் முக்கால்வாசி இருட்டு. கேமரா அந்த இருட்டைத் தூக்கிக் கொடுக்கும், கொக்கு வெளுத்துப்போகும். அதே கொக்கு உப்பளப் பாத்தியில், பளபளக்கும் தண்ணீருக்கு நடுவில் நின்றால் கதை தலைகீழ். வெளிச்சத்தைக் கேமரா குறைத்துவிடும். பல நாள் துவைக்காத வேட்டி நிறத்தில் கொக்கு வரும். அதனால்தான் 'வெள்ளைப் பறவையா, எக்ஸ்போஷரை மைனஸ் ஒன்றில் வை' (கேமரா கணிப்பதைவிட வெளிச்சத்தைப் பாதியாக்கு) என்ற அறிவுரை பாதி நேரம் பலிக்கிறது, பாதி நேரம் கவிழ்க்கிறது.

கொக்கு பத்தடி நடந்தால் பின்னணி மாறிவிடும். ஆனால் அதன் மேல் விழும் வெயில் மாறாது. ஆகவே வெளிச்ச அளவை நாமே வைக்கும் மேனுவல் மோடுக்குப் போய்விடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலை வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் 1/2000 நொடி என்று தொடங்கலாம். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டால் அதே ஐஎஸ்ஓவில் எஃப் 8, 1/3200. ஆட்டோ ஐஎஸ்ஓவை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் மேனுவலில் வைத்தும் பயனில்லை, கேமரா பழையபடி தானே முடிவெடுக்கும். வெளுத்த இடத்தைத் திரையில் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்து, நெஞ்சுப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இறகுக்கும் இறகுக்கும் நடுவே மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தால் அளவு சரி. நெஞ்சு சிமிட்டினால் ஷட்டர் வேகத்தை ஒரு படி கூட்டுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுப்பது நல்லது. நிழலை அப்புறம் மீட்கலாம், முழுதாக வெளுத்துப்போன இறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கடலோரம் நிற்கும் கரைக் கொக்கு கருநிறமாக இருந்தால் இதற்கு நேர்மாறு. அதில் வெள்ளை நிறத்தவையும் உண்டு, தொண்டையில் மட்டும் வெள்ளை விட்டு உடம்பெல்லாம் கருஞ்சாம்பலாக இருப்பவையும் உண்டு. கருப்புக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், திறக்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கைக்குப் பழக, கோடியக்கரை வரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் நடவுக்கு முன் டிராக்டரில் சேடை ஓட்டுவார்களே, அங்கே போய் வரப்பில் உட்காருங்கள். புரளும் சேற்றில் பூச்சி பொறுக்க உண்ணிக்கொக்கும் சின்னக் கொக்கும் மடையானும் டிராக்டரின் பின்னாலேயே வரும், ஆளுக்கு அவ்வளவாகப் பயப்படாது. கருஞ்சேறு, வெள்ளைப் பறவை: இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை.

சரி, தூரம். 300 எம்எம்மில் உங்கள் சென்சாருக்கு, 20 மீட்டர் தள்ளி நிற்பதை எடுத்தால் ஃபிரேமின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சாம்பல் நாரை அநேகமாக அவ்வளவு உயரம், ஃபிரேம் நிறைந்துவிடும். சின்னக் கொக்கு அறுபது சென்டிமீட்டர் இருக்கும். பாதிக்கு மேல் வரும், தண்ணீரில் அதன் நிழலுக்கும் இடம் கிடைக்கும். ஆக உங்களுக்கு வேண்டியது அந்த 20 மீட்டர்தான். அதை நீங்கள் நடந்து கடக்கக் கூடாது, பறவைதான் கடந்து வர வேண்டும்.

சேற்றோரம் இரை தேடும் கொக்கு பெரும்பாலும் தண்ணீர் விளிம்பை ஒட்டியே நகரும். அது எந்தப் பக்கம் போகிறது என்று சற்று நேரம் பாருங்கள். பிறகு வெகுதூரம் சுற்றிப்போய், அது வரப்போகும் இடத்துக்கு முன்னால் வரப்பின் சரிவில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்காதீர்கள். நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் தெரியும். கேமரா அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி தூரத்துக்குப் போய்க் கரைந்துவிடும். சாலையோரம் என்றால் காரை விட்டு இறங்கவே வேண்டாம். வண்டியைக் கண்டு பறக்காத கொக்கு, கதவு திறந்து மனிதன் இறங்கினால் பறக்கும். ஜன்னல் விளிம்பில் உமி நிரப்பிய துணிப்பையை வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்தை நேராக நிமிர்த்தி அசையாமல் பார்க்கிறதா? நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே உறையுங்கள், மறுபடி கழுத்தை மடக்கி மேயத் தொடங்கும். பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து கிளப்புகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

மீனைக் கொத்தும் தருணம் வேண்டுமானால் கழுத்தைக் கவனியுங்கள். சின்னக் கொக்கு ஒரு காலைச் சேற்றுக்குள் விட்டு நடுக்கும். கருங்காலின் முனையில் மஞ்சள் பாதம் மின்னி மறையும், பதுங்கியிருந்த இறாலும் குஞ்சு மீனும் கலையும். அடுத்து உடம்பு முன்சாயும், கழுத்து மெல்ல நீளும், தலை ஒரு கணம் அப்படியே நிற்கும். தண்ணீருக்குள் இருக்கும் மீன், ஒளி விலகுவதால், இருக்கும் ஆழத்தைவிட மேலே தெரியும். அந்தப் பிழையைச் சரிசெய்துதான் கொக்கு குறிவைக்கிறது. தலை நின்றவுடன், தொடர்ந்து பல படம் எடுக்கும் பர்ஸ்டை அழுத்துங்கள். கொத்திய பிறகு அழுத்தினால் சொட்டும் அலகுதான் கிடைக்கும். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், கழுத்தடியில் இருக்கட்டும். தலையில் வைத்தால் அது பாயும்போது புள்ளி தண்ணீருக்கு ஓடிவிடும்.

பெரிய லென்ஸால் தீராத இன்னொன்று கானல். உப்பளத்தின் மேல் வெயில் ஏற ஏறக் காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவையின் விளிம்பு மெழுகாக உருகும். 600 எம்எம்மில் 60 மீட்டர் கானலைத் துளைத்து எடுப்பதைவிட, 300இல் 20 மீட்டர் எவ்வளவோ தெளிவு. உப்பளத்தில் ஒன்பது மணிக்கு மேல் கேமராவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரை போகும்போது பெருஞ்சதுப்பு மேற்கே விரிகிறது. காலையில் அந்தப் பக்கம் பார்த்தால் வெயில் முதுகில் இருக்கும். மார்கழி மூடாக்கு நாட்களை வீணென்று நினைக்காதீர்கள். வெள்ளை இறகுக்கு அந்த மங்கல் வெளிச்சம்தான் எனக்குப் பிடித்தது. ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றிக்கொண்டால் போதும்.

முத்துப்பேட்டையில் படகில்தான் போக வேண்டும். ட்ரைபாட் அங்கே சுமை. தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இந்தக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் இறங்கினாலே அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கிடையே சேறு அகலமாக வெளிப்படும், கொக்குகள் அங்கே கூடும். எஞ்சினை முன்கூட்டியே அணைத்துப் படகை மிதக்கவிடச் சொல்லுங்கள்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் தலம் (உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம்). உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்குங்கள், ட்ரோன் எண்ணமே வேண்டாம். உப்பளத்தில் அங்கு வேலை செய்பவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்தப் பாத்தியில் உளை, எங்கே கால் புதையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் பறவைகள் சரணாலயங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும்போது கூட்டை விட்டு எட்டவே நில்லுங்கள். பெரியவை பறந்துவிட்டால் முட்டையையும் குஞ்சையும் காக்கை கொண்டுபோகும்.

வீடு திரும்பியதும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவையும் லென்ஸ் உடலையும் துடையுங்கள். முன்கண்ணாடியை முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டு அப்புறம் தொடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் படிந்திருக்கும் உப்பே அதன் பூச்சைக் கீறும். ட்ரைபாட் கால்களை நீட்டிக் கழுவி, நிழலில் காயவைத்த பிறகு மடக்குங்கள்.