மலையகக் குளிரில் குழந்தைக்கு எந்த வகைத் துணி நெப்பி பொருந்தும்?

கேள்வி: நுவரெலியாவுக்கு அருகில் வசிக்கிறோம். நான்கு மாதக் குழந்தைக்குப் புதுவகைத் துணி நெப்பி வாங்க விரும்புகிறோம். பல வகைகள் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது. பழைய சேலைத் துணியே போதும் என்கிறார் அம்மா. எதைத் தெரிவு செய்யலாம்?

பதில்:

உங்கள் அம்மா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அதை நான் பணத்தைச் செலவழித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மூத்த மகள் பிறந்தபோது தலவாக்கலையில் இருந்தோம். கொழும்பில் வசிக்கும் அண்ணியின் வீட்டில் 'ஓல் இன் வன்' எனப்படும் நெப்பிகளைப் பார்த்தேன். உறிஞ்சும் துணியும் நீர் கசியாத மேலுறையும் ஒன்றாகத் தைக்கப்பட்டிருப்பதால், ஒருமுறை கட்டி எறியும் பம்பர்ஸ் போலவே எடுத்தவுடன் கட்டிவிடலாம். அந்த வசதியில் மயங்கி, பத்து நெப்பிகளை ஒரேயடியாக வாங்கி வந்தேன். அண்ணியின் வீட்டு மொட்டைமாடியில் காலையில் போட்டது மதியத்துக்குள் காய்ந்துவிடும். எங்கள் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன்விறாந்தையில், கட்டிய கொடியிலோ, ஆடி மாத மழையில், மூன்றாம் நாளும் நடுத்தையல் ஈரமாகவே இருந்தது. நான்காம் நாள் அதிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. குற்றம் நெப்பியில் இல்லை. அது எந்த ஊருக்குப் போகிறது என்பதை யோசிக்காமல் வாங்கிய என்னிடம்தான் இருந்தது.

ஆகவே எவ்வளவு உறிஞ்சும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேளுங்கள். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கிறது. மூடுபனி இறங்கிய நாளில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், துணியிலுள்ள நீர் போக இடமில்லை. உங்கள் பக்கமும் ஹற்றன், தலவாக்கலைப் பக்கமும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் நனையும். பண்டாரவளையில் இருக்கும் என் தங்கைக்கு அந்த மாதங்களில் நல்ல வெயில். அவளுடைய கஷ்டம் மார்கழியை ஒட்டிய வடகீழ்ப் பருவமழையில்தான் தொடங்கும். மலையகம் என்று பொதுவாகச் சொன்னாலும், எத்தனை நெப்பி தேவை என்பது மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் குழந்தை எந்த மாதத்தில் பிறந்தது என்பதையும் பொறுத்தது.

என் அனுபவத்தில் இங்கே மிகவும் பொருந்துவது, மேலுறை தனியாகவும் உட்துணி தனியாகவும் உள்ள வகை. மேலுறை என்பது பொலியெஸ்டர் துணியின் பின்புறத்தில் பொலியூரித்தேன் படலம் ஒட்டியது. தண்ணீரை அதிகம் பிடிப்பதில்லை என்பதால், உதறிக் கொடியில் போட்டால் மழை நாளிலும் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். சிறுநீர் மட்டும் பட்டிருந்தால் உட்பக்கத்தைத் துடைத்துவிட்டு, புதிய உட்துணியை வைத்து, அதே மேலுறையை மறுபடியும் கட்டலாம். ஐந்தாறு மேலுறைகளோடு, இருபதுக்குக் குறையாத உட்துணிகள் இருந்தால், நாளொன்றுக்கு ஏழெட்டு முறை மாற்றும் வயதிலும் சமாளிக்கலாம். மழைக்காலத்துக்கு மேலும் பத்து உட்துணிகள் வைத்திருப்பது நல்லது. மேலுறைகளைக் கூட்ட வேண்டியதில்லை.

உட்துணியில்தான் விற்பனையாளர்களின் விளம்பரம் நம்மை இழுக்கிறது. மூங்கிலிலிருந்து எடுத்த இழையால் ஆன துணி பஞ்சு போல மிருதுவாகவும் நிறைய உறிஞ்சுவதாகவும் இருப்பது உண்மையே, ஆனால் நிறைய நீரைப் பிடித்து வைப்பது அதை எளிதில் விடுவதில்லை. மைக்ரோஃபைபர் எனப்படும் செயற்கை நுண்ணிழைத் துணி சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆயினும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கும்போது அழுத்தத்தில் பிழிந்துவிடும். அது தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடுவதால் நேரடியாக உடம்பில் படும்படி வைக்கக் கூடாது. இவற்றுக்கு மாறாக, ஒற்றை அடுக்காக விரியும் பெரிய சதுரப் பருத்தித் துணியை மடித்து மேலுறைக்குள் வைத்தால், கட்டும்போது எட்டு அடுக்கு, காயப் போடும்போது ஒரே அடுக்கு. நாலைந்து அடுக்கைச் சேர்த்துத் தைத்த துணி இந்த இடத்தில் தோற்றுப் போகிறது. அம்மாவின் பழைய நூல் சேலையும் தாத்தாவின் வெளுத்த சாரமும் இதற்கு மிகவும் தோதானவை. பல முறை துவைத்து நைந்த பருத்தி, புதுத் துணியை விட உடனே உறிஞ்சும். கடையில் வாங்கிய புதிய பருத்தி உட்துணியாயின், கட்டுவதற்கு முன் நான்கைந்து முறை துவைத்துக் காய வைத்தால்தான் முழு அளவில் உறிஞ்சத் தொடங்கும். ஈரப் பருத்தி குளிரில் சில்லென்று ஒட்டும் என்பதால், மேலே ஃப்ளீஸ் எனப்படும் மிருதுவான செயற்கைத் துணியில் ஒரு மெல்லிய துண்டை விரிப்பது குழந்தைக்கு இதமாக இருக்கும்.

பை போன்ற உறைக்குள் உட்துணியைச் செருகும் 'பொக்கெட்' வகையும் பிரித்துக் காயப் போடக்கூடியதே. பிரசவ விடுமுறை முடிந்து, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலோ (குழந்தைகள் காப்பகத்திலோ) உறவினரிடமோ விட்டுச் செல்ல வேண்டியிருந்தால், நாலைந்து பொக்கெட் நெப்பிகளை வீட்டிலேயே செருகித் தயாராகக் கொடுத்துவிடலாம். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் மடிப்பு வித்தை கற்கச் சொல்வது நியாயமில்லை. வெல்க்ரோ அவருக்கு எளிது, பிரஸ் பட்டன் நீண்ட நாள் உழைக்கும்.

கட்டும்போது கால் இலாஸ்டிக் தொடையின் நடுவில் அல்லாமல், உள்ளாடையின் விளிம்பைப் போல, தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் அமர வேண்டும். பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் இதுதான். நெப்பியை மாற்றிப் பயனில்லை.

துவைப்பதில் கஷ்டமில்லை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரத் தூள் போட்டுத் துவைத்தால் போதும். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் இதை அலசவே கூடாது. துணியை மென்மையாக்கும் திரவமும், தடிப்பாகப் பூசும் களிம்பும் இழைமீது படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உட்துணிகளைக் காய வைப்பது நம் வழக்கம்; புகை வாடை ஏறும், ஆனாலும் காய்ந்துவிடும். மேலுறையை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள், சூட்டில் படலம் உரிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியும் அதற்கு ஆகாது.

சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி வாங்குவோருக்கு ஒரு விடயம். பிரித்தானியச் சூழல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்கு எறியும் நெப்பியால் வெளியாகும் காபன் அளவு சுமார் 550 கிலோகிராம் என்றும், சராசரியாகத் துவைக்கும் துணி நெப்பிக்குச் சுமார் 570 கிலோகிராம் என்றும் கணித்தார்கள். சலவை இயந்திரம் நிறையும்வரை துணி சேர்த்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, இரண்டாம் பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கில் சுமார் 40 சதவீதம் குறைகிறது. கொடியில் உலர்த்துவதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லாதது இந்த ஒரு கணக்கில் நன்மையாகிறது. நான் இன்றும் இரவிலும், கண்டிக்குப் பேருந்தில் போகும் நாளிலும் பம்பர்ஸ் கட்டுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதாயின், கால் இலாஸ்டிக்கைக் காதருகில் வைத்து இழுத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மேலுறையை வெளிச்சத்தில் பிடித்தால் படலத்தின் கீறலும் தெரியும். தங்கை எனக்குத் தந்த ஆறில் இரண்டு இப்படிக் கழிந்தன. மீதி நான்கையும் இப்போது சின்னவன் கட்டுகிறான்.