தேளி குத்தியது கையை. ரோகுவுக்கு ஏன் புண்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரத்தநாடு பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். வாய்க்கால் தண்ணீரோடு, முள்ளால் குத்தும் கெளுத்தி வகை மீனான தேளியும் வந்து சேர்ந்துவிட்டது. போன வாரம் வலை இழுத்தபோது வேலைக்கு வந்த தம்பியைத் தேளி குத்திவிட்டது. கையில் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதன்பிறகு ரோகு சிலவற்றுக்கு முதுகில் செதில் உதிர்ந்து, சிவந்து, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது. தேளியின் கொழகொழப்பில் விஷம் உண்டு, அது பட்டுத்தான் இப்படி என்கிறார்கள். பெர்மாங்கனேட் போட்டுக் குட்டையைச் சுத்தம் செய்யலாமா?

பதில்: முதலில் அந்தத் தம்பியை மருத்துவரிடம் அனுப்புங்கள். தேளியின் பக்கத் துடுப்பு முள்ளில் அரம் போல் பல் இருக்கும். நுனி ஒடிந்து சதைக்குள் தங்கிவிடுவது உண்டு. ஒரு வாரமாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். இனி யாரையாவது குத்தினால், உடனே கையைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வையுங்கள். குத்துப்பட்ட கை மரத்திருக்கும், சூடு தெரியாது; மற்றக் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விஷம் புரதம் என்பதால் சூட்டில் வீரியம் குறையும். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது இரண்டும் கூடாது.

இனி ரோகு. அதற்கும் தேளி விஷத்துக்கும் சம்பந்தமில்லை. தேளியின் விஷம் முள்ளைப் போர்த்திய தோலில் இருக்கிறது. முள் ஏறும்போது அந்தத் தோல் கிழிந்து காயத்துக்குள் இறங்குகிறது. தண்ணீரில் கரைந்து போய் மற்ற மீனைப் புண்ணாக்காது. ஊரில் சொல்வது முழுக்கப் பொய்யும் அல்ல: உடலில் வெள்ளைக் கோடு ஓடும் கடல் கெளுத்தி ஒன்றுக்கு முள்ளில் மட்டுமின்றித் தோல் கொழகொழப்பிலும் நச்சுப் புரதம் உண்டு. உங்கள் குட்டையில் இருப்பது அதுவல்ல.

ரோகுவைக் கெடுத்தது வலை. மீன் மேல் உள்ள வழவழப்பை அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். அதில் கிருமியின் சுவரை உடைக்கும் லைசோசைம், நோய் எதிர்ப்புப் புரதங்கள், நுண்ணுயிரைக் கொல்லும் சிறு புரதத் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. 1998இல் கொரிய ஆய்வாளர்கள் ஆமூர் கெளுத்தியின் காயம்பட்ட தோலிலிருந்து பாராசின் என்ற ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் 19 அமினோ அமிலம் கொண்ட துண்டு. தோலில் அடிபட்டதும், செல்லில் ஏற்கெனவே இருக்கும் ஹிஸ்டோன் புரதத்தை வெட்டி மீனே அதைச் செய்துகொள்கிறது. ஆனால் முடிச்சு வலையில் உரசி, காய்ந்த கையில் பிடித்து, வெயிலில் கரையில் கிடந்தால் வழவழப்பு செதிலோடு போய்விடும். அந்த இடத்தில் தண்ணீர்ப் பூஞ்சை உட்காருகிறது. நீங்கள் பார்த்த பஞ்சு அதுதான்.

பெர்மாங்கனேட் அளவு மீறினால் மிச்சமுள்ள வழவழப்பையும் செவுளையும் அரித்துவிடும். குட்டை முழுக்கக் கொட்டாதீர்கள். இந்த மீன்களுக்காக மறுபடி வலை இழுக்கவும் வேண்டாம். கரையோரம் சோர்ந்து வருவதை மட்டும் கைவலையில் எடுத்து, 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல் உப்பு கரைத்து, ஓரிரு நிமிடம் முக்கி விடுங்கள். அதற்குள் மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பஞ்சுக்கு அடியில் குழிப்புண் இருந்தாலோ, வலையில் படாத மீனுக்கும் வந்தாலோ விஷயம் வேறு. உயிர் மீன் ஒன்றிரண்டை ஆக்சிஜன் பையில் போட்டு நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்த முறை முதல் நாள் தீவனத்தை நிறுத்தி, விடியற்காலையில், முடிச்சில்லாத வலையை இழுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். மடையில் சன்னக் கண்ணி வலை கட்டினால் தேளி வரத்து குறையும். சிக்கியதைக் கரையில் எறிந்துவிடாதீர்கள்; சமைத்தால் விஷம் நிற்காது. வங்காளத்தில் நோயில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தேளிக் குழம்புதான் கொடுக்கிறார்கள். முள்ளை மட்டும் இடுக்கியால் ஒடித்துவிட்டு அறுங்கள்.